ராணிக்கு என்ன வேண்டும்

எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். பிறவிக் குணம், என்ன செய்வது. அம்மா எனக்கு வைத்திருக்கும் பெயர் மோப்பம். "மோப்பம் வருது, பேச்சை மாத்துங்க" என்று என் காதில் விழும்படியே சொல்வாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் நாடகக் குழுவில் பிராம்ப்டராக உட்கார வைத்தால் கேட்க வேண்டுமா? யாராவது வசனத்தை மறந்தால் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்க்கலாம்.

எங்கள் குழுவில் அப்போது ஒரு பழைய சோக நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கதை சின்னதுதான். கடலுக்குப் போன ராஜா புயலில் திரும்பி வருகிறான். கரையில் அவனுடைய தம்பி, படைத்தளபதி. அந்தத் தம்பியின் மனைவி கலங்கரை விளக்கத்தில் ஏறி விளக்கை அணைத்துவிடுகிறாள். கப்பல் பாறையில் மோதுகிறது. தம்பி ராஜாவாகிறான், இவள் ராணியாகிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி கிடையாது. பட்டப்பகலில் அரண்மனை முழுக்க விளக்கேற்றிக்கொண்டு திரிகிறாள். தோழியை எதிரில் நிறுத்தி வைத்து, "இது எரிகிறதா, நன்றாகப் பார்த்துச் சொல், எரிகிறதா" என்று கேட்டுக் கேட்டே செத்துப்போகிறாள்.

ராணி என் அம்மா. தோழி என் அண்ணி, அதாவது அண்ணன் மனைவி. மாமியாரும் மருமகளும் ஒரே மேடையில் என்றால் ஊரே சிரிக்கும், சிரித்தார்கள். அண்ணிக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. ராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கு ஏறி நடிப்பதற்காக அந்த வேஷத்தின் வசனம் முழுவதையும் அவளும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஆனால் அம்மாவுக்கு என்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் முதல் மணி அடித்தால் கிரீடத்தோடு வந்து நிற்கிற ஜாதி அவள்.

ராணியைப் பற்றி ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இவளுக்கு என்னதான் வேண்டும்? பிரதி என் மடியில்தான் கிடக்கும், எத்தனையோ தடவை புரட்டிவிட்டேன். "எனக்கு வேண்டும்" என்று ஒரு இடத்தில்கூட அவள் சொல்வதில்லை. எல்லாம் "உங்களுக்காக", "உங்கள் வீரத்துக்கு", "நம் குலத்துக்கு". கணவன் பேரைச் சொல்லியே ஒரு கப்பலைக் கவிழ்த்துவிடுகிறாள்.

அம்மாவிடம் கேட்டேன். "பேராசை பிடிச்சவ, வேற என்ன" என்றாள். டைரக்டரிடம் கேட்டேன். ஒத்திகை முழுக்கக் கைக்குட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டே இருப்பவர் என்பதால் அவருக்குக் கர்ச்சீப் என்று பெயர். அவர் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அதிகாரம்மா, அதிகாரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடிக்க ஆரம்பித்தார். அண்ணியிடம் கேட்டபோது அவள் நாடகத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவளுக்கு என்ன வேணும்னு கதையில யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். மருந்துக் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களிடம் "என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டிருப்பவள். தனக்கு இன்னது வேண்டும் என்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. டீ போடட்டுமா என்றால், "எல்லாருக்கும் போட்டா எனக்கும்" என்பாள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லமாட்டாள். "உங்களுக்கெல்லாம் பசிக்கலயா?" என்பாள். ஃபேன் வேண்டுமென்றால் "அத்தைக்கு வேர்க்குதே" என்று போடுவாள். அத்தை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

இதற்கு நடுவில் அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று மார் தட்டிக்கொள்ள ஆசை, ஆனால் அண்ணிதான். எங்கள் ஒத்திகை ஹால் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் தரை அதிரும், யார் பேசினாலும் பாதி கேட்காது. அந்த இரைச்சலில் அம்மாவின் காது பல நாள் ஒளிந்துகொண்டது. "என்ன சொன்னே, கீழ ஒரே சத்தம்" என்பாள். ஒருநாள் இயந்திரம் நின்று வெகுநேரம் ஆன பிறகும் அதையே சொன்னாள். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அண்ணியைப் பார்த்தேன்.

மற்றக் காட்சிகளை அம்மா சமாளித்துவிடுவாள். எதிராளியின் வாயைப் பார்த்தே தன் முறை வந்துவிட்டதென்று தெரிந்துகொள்வாள். பொல்லாதது அந்த விளக்குக் காட்சிதான். ராணி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டே போவாள். எரிகிறதா, எரிகிறதா என்று சுற்றிச் சுற்றி அதே வார்த்தைகள். எந்த "எரிகிறதா"வில் நிற்கிறோம் என்று எப்பேர்ப்பட்ட நடிகைக்கும் குழம்பிவிடும். அங்கே ஆரம்பத்திலிருந்தே பிராம்ப்டர் தயவு வேண்டியிருந்தது. இப்போது நான் அடியெடுத்துக் கொடுத்தால் முதல் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார், அம்மா மட்டும் பார்க்கவில்லை.

கர்ச்சீப்புக்குத் தெரிந்தால் அன்றோடு கிரீடம் கழன்றுவிடும். அம்மாவுக்கு அது வேஷம் மட்டுமில்லை. அப்பா போன பிறகு அவள் காலையில் எழுந்து தலைவாரிக்கொள்வதே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அண்ணிதான் வழி சொன்னாள். "தோழி ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்னா என்ன? அத்தை முகத்துல நல்லா வெளிச்சம் விழும்." கர்ச்சீப் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, அண்ணி ராணியின் வசனத்தைச் சத்தமில்லாமல் வாயசைத்தாள். அம்மா அந்த உதட்டைப் படித்துக்கொண்டே முழங்கினாள். எனக்கு வேலை போயிற்று. கொஞ்சம் வருத்தம்தான், சொல்லாமல் என்ன.

வேலை போனதால் பார்ப்பதற்கு நேரம் கிடைத்தது. பக்கத் திரையிலிருந்து பார்த்தால் அண்ணியின் முகம் எனக்குத் தெரியும். உதடு அசைந்தால் போதும், யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குப் புருவம் ஏறியது, கன்னம் நடுங்கியது, கண் நிறைந்தது. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அங்கே ராணியாகவே நடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கிற ஒரே ஆள் நான். அம்மாவுக்கு உதட்டைத் தவிர வேறெதையும் பார்க்கப் பொழுதில்லை.

"அண்ணி, உங்களுக்கு அந்த வேஷம் வேணும்தானே?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"சேச்சே. அத்தை இருக்கும்போது எனக்கு எதுக்கு?"

"அத்தை இல்லேன்னா நீங்கதானே?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. நான் விடாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரிய நகரத்து அரங்கத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஞாயிறு பகல் காட்சியைப் பார்ப்பார்கள், பிடித்தால் ஊர் ஊராக எங்களை அழைத்துப்போவார்கள். குழுவே தலைகால் தெரியாமல் ஆடியது. கர்ச்சீப் அன்றைக்கு இரண்டு கைக்குட்டையோடு வந்தார். அவர் அண்ணியிடம் போகிற போக்கில், "ராணி கொஞ்சம் தடுமாறினாலும் நீ தயாரா இரும்மா. பெரிய மேடைக்கு நான் யாரையும் தயவு பாத்து ஏத்த மாட்டேன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

விளக்குக் காட்சி வந்தது. அம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அண்ணியின் உதடு ஓடியது, அம்மாவின் குரல் பின்னாலேயே ஓடியது. "காற்றில்லை, ஆனால் அணைகிறது. எண்ணெய் இருக்கிறது, ஆனால் அணைகிறது. நீ பார். நீ பார்த்துச் சொல்…"

அங்கே அண்ணியின் வாய் மூடிக்கொண்டது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு நின்றன. அம்மா அந்த வாயையே பார்த்தாள். அடுத்த சொல் வரவில்லை. அம்மாவின் கண் அண்ணியின் வாயிலிருந்து மெல்ல மேலே ஏறி அவள் கண்ணுக்கு வந்தது. அவ்வளவு நாளில் அவள் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் கை தானாக எழுந்து எதையோ பிடிக்கப் பார்த்தது, பிடிக்க ஒன்றும் இல்லை. நான் வசனத்தைக் கத்தினேன் என்றே சொல்லலாம், அவளுக்குக் கேட்டால்தானே. அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. பிறகு அம்மா பாதி வசனத்தைத் தாண்டிக் குதித்து, "எரிகிறதா?" என்று ஒரு குரலில் கேட்டாள். அந்தக் குரலை நான் வீட்டிலும் கேட்டதில்லை, மேடையிலும் கேட்டதில்லை.

கைதட்டல் நிற்கவே இல்லை. நகரத்திலிருந்து வந்தவர்கள் மேடைக்குப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். "அந்த மௌனம் இருக்கே, அம்மா, குற்றம் பண்ணினவ மனசு அப்படியே தெரிஞ்சுது" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் குழு தேர்வாகிவிட்டது. அம்மா எல்லோருக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியை அடுக்களையில் மடக்கினேன்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"எச்சில் முழுங்கினேன். அவ்வளவுதான்."

நான் நேராகக் குளியலறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, அதே வசனத்தை வாயசைத்துக்கொண்டே எச்சில் விழுங்கிப் பார்த்தேன். கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. மெதுவாக விழுங்கிப் பார்த்தேன், புரையேறியதுதான் மிச்சம். வெளியே வந்தபோது அண்ணி குளியலறைக் கதவருகில் நின்றிருந்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு "உங்களுக்கெல்லாம் பசிக்கலயா" என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். மருந்துக் கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் பின்னால் தெருவில் ஓடினாளாம். அம்மாவுக்கு வெந்நீர் வைத்தாள், அம்மா செருப்பைத் துடைத்தாள், அம்மா கேட்காததையெல்லாம் செய்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். காது கேட்காதவள் முகத்தையும் பார்க்காவிட்டால் பேச்சு எப்படி நடக்கும்? வீட்டில் பேச்சே நின்றுபோனது. எனக்கு இது பொறுக்கவில்லை. கோபமென்றால் திட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே, இது என்ன தண்டனை என்று எரிச்சலாக வந்தது.

ஒத்திகை மறுபடி ஆரம்பித்தது. ஒத்திகையில் முழு உடுப்பு கிடையாது, ராணிக்கு ஒரு சிவப்பு மேலங்கி மட்டும். கர்ச்சீப் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார்.

"அக்கா, அந்த மௌனம்தான் நமக்கு வாழ்வு. ஒவ்வொரு ஊர்லயும் அது அங்கேயே வரணும். 'பார்த்துச் சொல்' முடிஞ்சதும் அப்படியே நில்லுங்க."

கீழே அச்சு இயந்திரம் ஓடாத நேரம். அம்மா அவர் வாயைப் படித்துவிட்டு மெல்லத் தலையாட்டினாள். காட்சி ஆரம்பித்தது. அண்ணியின் உதடு ஓடியது. "பார்த்துச் சொல்" வந்தது. இப்போது அண்ணி வாயை மூட வேண்டும். மூடவில்லை. அவள் உதடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, எங்கே அம்மா விழுந்துவிடுவாளோ என்பதுபோல. அம்மாவும் நிற்காமல் பேசிக்கொண்டே போனாள்.

"மௌனம், அக்கா, மௌனம்" என்று கர்ச்சீப் கையை ஆட்டினார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதேதான். அண்ணியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அவள் பல்லைக் கடித்து வாயை மூடப் பார்த்தாள், மூடிய வாய்க்குள்ளேயும் வசனம் அசைந்தது. கர்ச்சீப் எழுந்து அண்ணிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் காது ஏன் ஆடுது?"

பின்னாலிருந்து பார்த்தால் தாடை அசைவது காதுக்கடியில் தெரியும், அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

"தோழி சும்மா நிக்கணும். நீ எதையோ மெல்லுற மாதிரி இருக்கே. வாயில என்ன?"

அண்ணி என்னைப் பார்த்தாள். இதோ வாய்ப்பு. இந்த முறை எந்தத் தப்பும் செய்யத் தேவையில்லை. நடப்பதை நடப்பதாகச் சொன்னால் போதும், சிவப்பு அங்கி அவள் தோளுக்கு வந்துவிடும். சொல்லப்போகிறாளா என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"சூயிங்கம், சார்" என்றாள் அண்ணி.

கர்ச்சீப்புக்கு முகம் கறுத்தது. மேடையில் சூயிங்கமா, இது என்ன பஸ் ஸ்டாண்டா, இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று பொரிந்து தள்ளினார். "நீ வீட்டுக்குப் போம்மா. தோழிக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அண்ணி விளக்கைத் தரையில் வைத்தாள். அவள் மேடையின் படியில் கால் வைக்கும்போது அம்மா பேசினாள்.

"அவ வாயில ஒண்ணும் இல்ல. எனக்குக் காது கேக்காது."

கர்ச்சீப் திரும்பினார்.

"உங்க பேச்சைக்கூட வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். இந்தக் காட்சியில அவதான் எனக்கு வசனம் குடுக்கறா, வாயசைச்சு. ரொம்ப நாளா. அன்னைக்கு அவ நிறுத்திட்டா. நான் மௌனமா நடிக்கல தம்பி. அடுத்த வார்த்தை தெரியாம பயந்து செத்தேன். நீங்க எல்லாரும் அந்தப் பயத்துக்குக் கை தட்டினீங்க. அதை ஒவ்வொரு ஊர்லயும் என்னால பொய்யா பண்ணிக் காட்ட முடியாது."

கர்ச்சீப்பின் கைக்குட்டை கையிலேயே இருந்தது, கடிக்க மறந்துவிட்டார். அம்மா அண்ணியின் பக்கம் திரும்பினாள். பல நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஏன் வாயை மூடினே? எச்சில்னு சொல்லாதே. எனக்குப் புரியற மாதிரி, வாயை நல்லாத் திறந்து சொல்லு."

அண்ணியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "எல்லாருக்கும்" என்றுதான் ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு வேணும் அத்தை" என்றாள். "அந்த வேஷம் எனக்கு வேணும். நீங்க தடுமாறினா எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன். மூடின உடனேயே திறக்கணும்னு பாத்தேன், சத்தியமா. திறக்க வரல. நீங்க கையை நீட்டினீங்க. அந்தக் கையைத்தான் தினமும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ராணி இதைச் சொல்லியிருந்தால் நாடகம் முதல் காட்சியிலேயே முடிந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது.

"கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது.

"மாட்டேன்."

அம்மா தோளிலிருந்து சிவப்பு அங்கியைக் கழற்றினாள். அண்ணியிடம் நீட்டுவாள் என்று பார்த்தால், நீட்டவில்லை. மடித்து, இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் போட்டாள்.

"இப்பவும் குடுக்க மனசு வரல. எனக்கும் அது வேணும். உன்னைவிட அதிகமாவே வேணும். அதனால நான் குடுத்தேன்னு இருக்க வேண்டாம். உனக்கு வேணும்னா நீயே எடுத்துக்க."

அண்ணி அழுதுகொண்டே நின்றாள். கர்ச்சீப் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி அவரை அடக்கினேன், வாழ்க்கையில் முதல்முறையாக. அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியிடம் வந்தாள். அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, "அத்தைக்காக" என்றும் சொல்லவில்லை.

அம்மா படியில் மெல்ல இறங்கி, முன்வரிசையில் நட்டநடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரம்பி" என்றாள். "எனக்குக் கேக்காது. ஆனா பாத்துக்கிட்டே இருப்பேன்."